‘சில’ என்றால் எத்தனை?

எல்லாத் தேங்காய்களும் கற்கள். சில கற்கள் நாற்காலிகள். ஆகவே, சில தேங்காய்கள் நாற்காலிகள்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் இப்படியொரு கேள்வியைப் பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் முதலில் வரும். தேங்காய் எப்படிக் கல்லாகும்? எரிச்சலை அடக்கிக்கொண்டு யோசித்தால், தேங்காய் கல்லுக்குள் இருக்கிறது, கல்லில் கொஞ்சம் நாற்காலி, அப்படியானால் தேங்காயிலும் கொஞ்சம் நாற்காலி இருக்கத்தானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு தவறு. நாற்காலியாக இருக்கும் கற்களும் தேங்காயாக இருக்கும் கற்களும் வெவ்வேறு கற்களாக இருக்கலாமே. ஒரே கல் இரண்டுமாக இருந்தாக வேண்டும் என்று எந்தக் கூற்றும் சொல்லவில்லை.

இப்போது இன்னொன்று. எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் விவசாயிகள். ஆகவே, சில ஆசிரியர்கள் விவசாயிகள். படித்ததுமே, காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் வாத்தியார் ஒருவர் நினைவுக்கு வருவார். முடிவு உண்மைதானே என்று கை ‘சரி’யைத் தொட்டுவிடும். ஆனால் தேங்காய் இருந்த இடத்தில் ஆசிரியரையும், கல் இருந்த இடத்தில் பட்டதாரியையும், நாற்காலி இருந்த இடத்தில் விவசாயியையும் வைத்துப் பார்த்தால் இதுவும் அதே கேள்விதான். அது வராது என்றால் இதுவும் வராது.

இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே விடை என்று தயங்காமல் சொல்ல முடிகிறவர், பயிற்சி மையங்களில் ‘சிலாஜிசம்’ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில் பாதித் தூரம் வந்துவிட்டார். 1983இல் ஜொனாதன் எவன்ஸ், ஜூலி பார்ஸ்டன், பால் போலார்ட் ஆகிய மூன்று பிரிட்டிஷ் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. விதிப்படி வராத முடிவுகள் நம்ப முடியாதவையாக இருந்தபோது, அவற்றை ஏற்றவர்கள் 10 சதவீதம். அதே அளவுக்கு வராத முடிவுகள் கேட்க நம்பும்படியாக இருந்தபோது, ஏற்றவர்கள் 71 சதவீதம். வாக்கிய அமைப்பில் மாற்றம் ஒன்றும் இல்லை. முடிவு காதுக்கு இதமாக இருந்ததா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே தேர்வர் பயப்பட வேண்டியது தேங்காய், நாற்காலிக் கேள்விகளுக்கு அல்ல. ஆசிரியர், மருத்துவர், மரம், ஆறு என்று நியாயமாகத் தோன்றும் கேள்விகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

உலக உண்மையைக் கொண்டு ஒரு வாதத்தை எடைபோடுவது முட்டாள்தனமும் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விரிவாகக் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, புகை இருக்கும் அடுக்களையில் நெருப்பு இருப்பதைக் கண்டிருக்கிறோம், எனவே மலையிலும் நெருப்பு உண்டு என்ற வகையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதம் அங்கே கட்டப்படுகிறது. வாதத்தில் நேரும் பிழைகளும் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகைவகையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று, கண்ணும் காதும் அறிந்ததற்கு மாறாகப் பேசுவது. ‘எல்லாத் தேங்காய்களும் கற்கள்’ என்று யாராவது அந்த அவையில் ஆரம்பித்திருந்தால், முதல் வாக்கியத்திலேயே பக்கப்போலி என்று நிறுத்தியிருப்பார்கள். தேர்வுக்கூடத்தில் ஓடுவது அந்த மரபு அல்ல; கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த வடிவ அளவையின் வழிவந்தது. வினாத்தாளின் தலைப்புக் குறிப்பே அதைச் சொல்லிவிடுகிறது: உலகம் அறிந்த உண்மைக்கு மாறாக இருந்தாலும் கூற்றுகளை உண்மை என்றே கொள்ள வேண்டும். அவசரத்தில் பலரும் படிக்காமல் தாண்டும் வரி அது.

நான்கு வாக்கியங்கள்

கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே இருப்பவை நான்கே வகை வாக்கியங்கள். இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியல் தனிப் பாடமாகவே இருப்பதால், இவற்றுக்கு அங்கே நல்ல தமிழ்ப் பெயர்கள் புழக்கத்தில் உள்ளன. ‘எல்லா மாமரங்களும் மரங்கள்’ என்பது நிறைவிதி. ‘எந்த மாமரமும் கொடி இல்லை’ என்பது நிறைமறை. ‘சில மரங்கள் மாமரங்கள்’ குறைவிதி. ‘சில மரங்கள் மாமரங்கள் இல்லை’ குறைமறை. முழுவதையும் பேசினால் நிறை, ஒரு பகுதியைப் பேசினால் குறை. ஆம் என்றால் விதி, இல்லை என்றால் மறை. பயிற்சி மையக் குறியீட்டு எழுத்துகளை விட இந்தப் பெயர்கள் நன்றாக மனத்தில் நிற்கும்; பெயரிலேயே பொருள் இருக்கிறது.

இவற்றில் எதைத் திருப்பிப் போடலாம் என்பதுதான் முதல் பாடம். நிறைமறையைத் தாராளமாகத் திருப்பலாம்: எந்த மாமரமும் கொடி இல்லையென்றால் எந்தக் கொடியும் மாமரம் இல்லை. குறைவிதியையும் திருப்பலாம். நிறைவிதியை முழுதாகத் திருப்ப முடியாது. எல்லா மாமரமும் மரம் என்பதால் எல்லா மரமும் மாமரம் ஆகிவிடாது. ‘சில மரங்கள் மாமரங்கள்’ என்ற அளவுக்குத்தான் திரும்பும். குறைமறையோ திரும்பவே திரும்பாது. சில மரங்கள் மாமரங்கள் இல்லை. அதைத் திருப்பினால் சில மாமரங்கள் மரங்களே இல்லை என்று வந்து நிற்கும். இந்த மாமரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அடுத்தது ‘சில’. ‘சில பசங்க வரல’ என்று வகுப்பில் ஒருவர் சொன்னால், மற்றவர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பேச்சில் அது நியாயமானது. எல்லோருமே வரவில்லையென்றால் ‘யாரும் வரல’ என்று சொல்லியிருப்பாரே. தேர்வில் ‘சில’ என்பதற்கு அந்த வால் கிடையாது. அங்கே அதன் பொருள் ‘குறைந்தது ஒன்று’. ஒன்றாக இருக்கலாம், ஆயிரமாக இருக்கலாம், முழுவதுமாகவும் இருக்கலாம். ‘சில பேனாக்கள் நீலம்’ என்று கொடுத்துவிட்டு ‘சில பேனாக்கள் நீலம் இல்லை’ என்பது முடிவாக வருமா என்று கேட்டால், வராது. மீதிப் பேனாக்களைப் பற்றிக் கூற்று வாயே திறக்கவில்லை. இந்தப் பகுதியில் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லால் போகிறது என்பதே இந்நூலின் கணிப்பு.

தமிழில் தேர்வு எழுதுகிறவருக்கு இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எழுத்தர் பணித் தேர்வுகளை ஆங்கிலம், இந்தியோடு 13 வட்டார மொழிகளிலும் நடத்தலாம் என்று 2021 செப்டம்பரில் நிதியமைச்சகம் முடிவெடுத்த பிறகு, தமிழில் இந்தக் கேள்விகளைச் சந்திப்போர் உண்டு. தமிழில் ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் ‘எல்லா மாணவர்களும் வரவில்லை’ என்ற வாக்கியத்தை ‘ஒருவருமே வரவில்லை’ என்றும் படிக்கலாம், ‘எல்லோரும் வந்துவிடவில்லை, சிலர் வந்தார்கள்’ என்றும் படிக்கலாம். ஒன்று நிறைமறை, மற்றது குறைமறை. ‘எந்த மாணவரும் வரவில்லை’ என்பதில் இந்தக் குழப்பம் இல்லை. ஆகவே ‘எல்லா... இல்லை’ என்று ஒரு கூற்று கண்ணில் பட்டால், கைவைக்கும் முன் நின்று பார்ப்பது நல்லது. திரையில் ஆங்கில வடிவத்தையும் காட்டும் தேர்வாக இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் ‘மட்டும்’. அது எந்தச் சொல்லின் தோளில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் புரண்டுவிடும். ‘பூக்கள் மட்டுமே சிவப்பு’ என்றால் சிவப்பாக இருப்பதெல்லாம் பூ. பூவெல்லாம் சிவப்பு என்று ஆகாது. ‘ஒரு சில பூக்கள் மட்டுமே சிவப்பு’ என்றால் நிலைமை வேறு. சில பூக்கள் சிவப்பு, சில பூக்கள் சிவப்பு இல்லை என்று இரண்டு கூற்றுகள் ஒரே வரியில் மடிந்து கிடக்கின்றன. சாதாரண ‘சில’வுக்கு இல்லாத வால் இதற்கு உண்டு. அண்மை ஆண்டுகளின் வங்கித் தேர்வுகளில் இந்த ‘ஒரு சில மட்டுமே’ அடிக்கடி வருகிறது.

வட்டங்கள்

பயிற்சித் தாள்களில் தேர்வர்கள் போடும் வட்டங்களை எல்லோரும் வென் படம் என்கிறார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் ஆய்லர் வட்டங்கள். சுவிஸ் கணிதர் லெயோன்ஹார்ட் ஆய்லர் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதி 1768 முதல் நூலாக வெளிவந்த கடிதங்களில், ஒன்றுக்குள் ஒன்றாகவும் ஒன்றையொன்று வெட்டியும் தொடாமலும் நிற்கும் வட்டங்களால் இந்த வாதங்களை விளக்கினார். கேம்பிரிட்ஜின் ஜான் வென் 1880இல் தந்த முறை வேறு. எல்லா வட்டங்களையும் முதலிலேயே ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்துவிட்டு, இல்லாத பகுதியை நிழலிட்டு அடைப்பது அது. ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், 1886இல் இதற்கென்றே அட்டையும் ஒன்பது வில்லைகளும் கொண்ட ஒரு விளையாட்டை வெளியிட்டார். சிவப்பு வில்லை வைத்தால் அந்த அறையில் குறைந்தது ஒன்று உண்டு. சாம்பல் வில்லை வைத்தால் அந்த அறை காலி. எதுவும் வைக்காத அறை? அதைப் பற்றி நமக்குத் தெரியாது. உண்டு, இல்லை, தெரியாது என்ற இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் கண்தான் தேர்வருக்கு வேண்டியது. ‘இந்த முடிவு வராது’ என்பதற்கு ‘பொய்’ என்று பொருள் இல்லை. ‘தெரியாது’ என்பதும் அதில் அடக்கம்.

வேகத்துக்கு ஆய்லர் வட்டமே போதும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. தேங்காய்க் கேள்வியையே தாளில் வரைந்து பார்க்கலாம். ‘க’ என்று பெரிய வட்டம். அதற்குள் ‘தே’ என்று சிறிய வட்டம். இதுவரை சிக்கல் இல்லை. ‘சில கற்கள் நாற்காலிகள்’ என்று வந்ததும் மூன்றாவது வட்டம் எங்கே போக வேண்டும்? கை பழக்கத்தில், கல்லையும் தேங்காயையும் சேர்த்து வெட்டும்படி நடுவில் போட்டுவிடும். படத்தைப் பார்த்தால் தேங்காயும் நாற்காலியும் ஒட்டியிருக்கும். முடிவு வரும் என்று தோன்றும். கூற்று கேட்டதோ கல்லை வெட்டு என்று மட்டுந்தான். நாற்காலி வட்டத்தை ‘க’வின் ஓரத்தில், ‘தே’யைத் தொடாமல் போட்டாலும் இரண்டு கூற்றுகளும் நிறைவேறிவிடுகின்றன. முடிவு மட்டும் உடைந்துவிடுகிறது.

முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. படம் வரைவது முடிவு சரி என்று காட்ட அல்ல, அதை உடைக்க. கூற்றுகள் அனைத்தும் நிற்க வேண்டும், முடிவு விழ வேண்டும். அப்படி ஒரே ஒரு படம் போட முடிந்தாலும் முடிவு வராது. எவ்வளவு முயன்றும் உடையவில்லையென்றால் வரும். ஆதரவான படத்தைத் தேடுகிறவருக்கு எப்போதும் ஒன்று கிடைத்துவிடும். அது எதையும் நிரூபிப்பதில்லை. இந்தப் பழக்கம் வர ஐம்பது கேள்விகளாவது கையால் வரைந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் குறுக்குவழி சொல்வதில் இந்நூலுக்கு உடன்பாடு இல்லை.

‘வாய்ப்பு உண்டு’ என்று முடிவு கேட்டால் வேலை தலைகீழ். இப்போது முடிவு நிற்கும் ஒரு படம் கிடைத்தால் போதும். ஒரு கேள்வியில் இரண்டையும் பார்க்கலாம்.

கூற்றுகள்: ஒரு சில பேனாக்கள் மட்டுமே பென்சில்கள். எல்லாப் பென்சில்களும் அழிப்பான்கள். எந்த அழிப்பானும் அளவுகோல் இல்லை.

‘சில பேனாக்கள் அளவுகோல் இல்லை’ என்பது வருமா? பென்சிலாக இருக்கும் பேனாக்களைப் பிடித்துக்கொண்டு போனால், அவை அழிப்பான்கள், அழிப்பான்கள் அளவுகோல் இல்லை. உடைக்க வழியே இல்லை, வரும். ‘எல்லாப் பேனாக்களும் அழிப்பான்களாக இருக்க வாய்ப்பு உண்டு’? பென்சிலுக்கு வெளியே நிற்கும் பேனாக்களையும் அழிப்பான் வட்டத்துக்குள் தள்ளிவிடலாம். தடுக்கும் கூற்று இல்லை. வரும். ‘எல்லாப் பேனாக்களும் பென்சில்களாக இருக்க வாய்ப்பு உண்டு’? ‘ஒரு சில மட்டுமே’யின் வால் இதைத் தடுக்கிறது. வராது. ‘எல்லாப் பென்சில்களும் பேனாக்களாக இருக்க வாய்ப்பு உண்டு’? இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். ‘ஒரு சில பேனாக்கள் மட்டுமே’ என்ற கட்டு பேனாவுக்குப் போட்டது. பென்சிலுக்கு எந்தக் கட்டும் இல்லை. பென்சில் வட்டம் முழுவதையும் பேனாவுக்குள் வைத்தாலும், பென்சில் அல்லாத பேனாக்கள் வெளியே மிச்சம் இருக்கும். முதல் கூற்று சேதமில்லாமல் நிற்கும். ஆகவே வரும்.

ஏற்கெனவே உறுதியாகிவிட்ட ஒன்றை ‘வாய்ப்பு உண்டு’ என்று கேட்டால் என்ன சொல்வது என்பதில் பயிற்சிப் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அளவையியல்படி உறுதியானது வாய்ப்புள்ளதும்தான். எழுதப் போகும் தேர்வின் பழைய வினாத்தாள்களில் விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அதோ இதோ

இரண்டு முடிவுகளும் தனித்தனியே வராது; ஆனால் இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தே தீர வேண்டும். ‘ஒன்று 1, இல்லையேல் 2’ என்ற விருப்பம் அதற்குத்தான். எல்லா ஆறுகளும் நீர்நிலைகள். சில நீர்நிலைகள் ஏரிகள். முடிவு 1: சில ஆறுகள் ஏரிகள். முடிவு 2: எந்த ஆறும் ஏரி இல்லை. முதலாவதையும் உடைக்கலாம், இரண்டாவதையும் உடைக்கலாம், ஆனால் ஒரே படத்தில் இரண்டையும் சேர்த்து உடைக்க முடியாது. அப்படிப்பட்ட சோடிகள் முக்கியமாக இரண்டு: குறைவிதியும் நிறைமறையும், நிறைவிதியும் குறைமறையும். ‘எல்லா ஆறும் ஏரி’, ‘எந்த ஆறும் ஏரி இல்லை’ என்ற நிறைவிதி, நிறைமறை சோடி அப்படி அல்ல. சில ஆறுகள் மட்டும் ஏரியாக இருந்தால் இரண்டுமே விழுந்துவிடும். நிறைவிதி, குறைமறை சோடியில் சொற்களின் வரிசையும் மாறக் கூடாது. ‘எல்லா ஆறுகளும் ஏரிகள்’ என்பதற்கு எதிர் ‘சில ஆறுகள் ஏரி இல்லை’ என்பதுதான். ‘சில ஏரிகள் ஆறு இல்லை’ என்பது அல்ல.

நேரக் கணக்கும் ஒரு வார்த்தை. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் அமைப்பு. ஒரு கேள்விக்குச் சுமார் 34 விநாடி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். வட்ட மேசை, எட்டு மாடி என்று வரும் புதிர்கள் நேரத்தைத் தின்னும். சிலாஜிசம் அப்படி அல்ல, கை பழகியவருக்கு 20 விநாடியில் முடியும். அதனால் இவற்றை முதல் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டுப் புதிருக்குப் போவதே புத்திசாலித்தனம்.

தவறிய கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டால், அதில் சரியான விடையை எழுதுவதால் பயன் குறைவு. எந்தச் சொல் ஏமாற்றியது என்று எழுத வேண்டும்: ‘சில’, ‘மட்டும்’, ‘திருப்பிப் போட்டது’, ‘உண்மை என்று தோன்றியது’. இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் ஒருவருடைய பிழைகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு சொற்களைச் சுற்றியே நிற்பது தெரியும்.

கடைசியாக ஒரு பயிற்சி. எல்லா மல்லிகைகளும் மலர்கள். எந்த மலரும் இலை இல்லை. சில இலைகள் மூலிகைகள். முடிவுகள்: (1) எந்த மல்லிகையும் இலை இல்லை. (2) சில மூலிகைகள் மலர் இல்லை. (3) எல்லா மூலிகைகளும் மல்லிகையாக இருக்க வாய்ப்பு உண்டு. (4) எல்லா மல்லிகைகளும் மூலிகையாக இருக்க வாய்ப்பு உண்டு. (5) சில மலர்கள் மூலிகை இல்லை. கீழே படிக்கும் முன் தாளில் வட்டம் போட்டுப் பார்க்கவும்.

மல்லிகை மலருக்குள், மலர் இலைக்கு வெளியே, முதலாவது வரும். இலையாக இருக்கும் மூலிகைகள் மலராக முடியாது, இரண்டாவதும் வரும். அதே மூலிகைகள் மல்லிகையாகவும் முடியாது, ஆகவே மூன்றாவது வராது. மல்லிகைகளை மூலிகை வட்டத்துக்குள் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை, நான்காவது வரும். ஐந்தாவது, இரண்டாவதைத் திருப்பிப் போட்டது. மூலிகை வட்டத்தை மலர் வட்டம் முழுவதையும் விழுங்கி இலை வட்டத்தையும் வெட்டும் அளவுக்குப் பெரிதாகப் போட்டால், மூன்று கூற்றுகளும் அப்படியே நிற்கின்றன, இந்த முடிவு மட்டும் விழுகிறது. வராது.